விர்ஜில் ஸ்டோக்ஸ் என்று யாரும் இல்லை

லூயிவில், கென்டக்கி
6 பிப்ரவரி 1989

மதிப்புக்குரிய பிரதர் பெட்டிஃபோர்ட் அவர்களுக்கு,

என் பெயர் மொரீன் காட்ஸ்டன். இந்த ஊரில் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் கடை வைத்திருக்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு உங்களைத் தெரியும் என்று நினைக்கிறேன். என் நினைப்புத் தப்பென்றால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கார்டை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள். கோடிப் புண்ணியம் உங்களுக்கு.

நான் கூடைப்பந்துக் கார்டு சேர்க்கிறவள். லீக்கில் ஆடிய பெரிய மனிதர்களின் கார்டு இல்லை. பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் வேடிக்கை ஆட்டம் ஆடினார்களே, அவர்களுடையது. அதிலும் எல்லோரும் தேடுவது ஜெஸ்டர்ஸ் அணியைத்தான். விரல் நுனியில் பந்தைச் சுற்றியவர்கள், நடுவர் தலையில் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தவர்கள். நான் தேடுவது அவர்களுக்கு எதிரில் நின்றவர்களை. தினமும் தோற்பதற்கென்றே கூடப் போனவர்களை.

அந்தக் கார்டுகள் சோளப்பொரிப் பொட்டலத்துக்குள் வரும், உங்களுக்கு நினைவிருக்கும். ஜெஸ்டர்ஸ் கார்டு வந்தால் பிள்ளைகள் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். எதிரணிக் கார்டு வந்தால் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகிவிடுவார்கள், டரடரவென்று சத்தம் வரட்டும் என்று. அதனால் உங்கள் ஆட்கள் இப்போது குதிரைக் கொம்பாகிவிட்டார்கள்.

ஜெஸ்டர்ஸ் பஸ்ஸை ஓட்டியவரின் அண்ணன் மகள் என் கடைக்கு வருகிறாள். முடியைச் சுருட்டிவிடும்போது பேச்சோடு பேச்சாக உங்கள் விலாசத்தை வாங்கிவிட்டேன். உள்ளே இருக்கும் கார்டில் ‘விர்ஜில் ஸ்டோக்ஸ், டொலிடோ பேரன்ஸ்’ என்று பெயரும் அணியும் போட்டிருக்கிறது. அது நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியுமா? தபால்தலை ஒட்டி என் விலாசம் எழுதிய உறையும் வைத்திருக்கிறேன்.

மரியாதையுடன்,
மொரீன் காட்ஸ்டன்


மன்ஸி, இண்டியானா
15 பிப்ரவரி 1989

சிஸ்டர் காட்ஸ்டன்,

கார்டு இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. விர்ஜில் ஸ்டோக்ஸ் என்று யாரும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

நான் கண்ணாடி ஜாடி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த ஆட்டத்தைப் பற்றி இந்த வீட்டில் பேசுவதில்லை. நீங்கள் ஒட்டிய தபால்தலை வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த நாலு வரி.

அ. பெட்டிஃபோர்ட்


லூயிவில்
27 பிப்ரவரி 1989

பிரதர் பெட்டிஃபோர்ட்,

இல்லாத ஆளுக்குக் காது மட்டும் எப்படி இருக்கும்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க மனிதர்களின் காதோரத்தில் கத்தரிக்கோல் வைத்துப் பிழைக்கிறவள் நான். முகத்தை மறந்தாலும் காதை மறக்க மாட்டேன். விர்ஜில் ஸ்டோக்ஸின் இடது காது மேல்பக்கம் மடிந்திருக்கிறது. என்னிடம் இன்னும் நாலு கார்டு இருக்கிறது. ஒமாஹா ரேஞ்சர்ஸின் ஹாங்க் டல்லி. பஃபலோ பைலட்ஸின் ஏமஸ் க்ரீவி. மற்ற இரண்டையும் எழுதிக் காகிதத்தை நிரப்பவில்லை. அணி வேறு, பெயர் வேறு, எண் வேறு. காது ஒன்று! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தீர்களா பிரதர்?

சின்சினாட்டியில் ஒரு சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் ஒவ்வொரு அக்டோபரிலும் என்னைப் போன்ற கார்டுப் பைத்தியங்கள் கூடுவோம். போன வருடம் இந்த ஐந்தும் ஒரே ஆள் என்று சொன்னேன். எங்கள் தலைவர் எர்ல் விதர்ஸ்பூன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். “என்ன மொரீன், வெள்ளைக்காரங்களுக்குத் தெரியுற மாதிரி நம்ம கறுப்பு ஆளுங்க மூஞ்சியெல்லாம் உனக்கே ஒண்ணா தெரிய ஆரம்பிச்சிருச்சா?” என்றார். கூடமே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கொண்டு வந்திருந்த வறுத்த கெளுத்தி மீனைத் தொடாமல் வந்துவிட்டேன். அந்த மீனுக்காகவே சிலர் அங்கே வருவார்கள், தெரியுமா?

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

1952. எனக்குப் பத்து வயது. இந்த ஊர் ஆர்மரியில், ராணுவப் பயிற்சிக் கூடத்தில் ஆட்டம். கீழே வெள்ளைக்காரர்கள், மேல்மாடத்தில் நாங்கள். ஜெஸ்டர்ஸின் கோமாளி கம்போ ஹோல்மன் பந்தைத் தலைக்குப் பின்னால் உயரத் தூக்கி எறிந்தார். எதிரணிக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஏமாற வேண்டும். அதுதான் வேடிக்கை. ஆனால் மடிந்த காதுக்காரர் ஒருவர் எம்பினார். என்ன எம்பு அது! மேல்மாடத்தில் இருந்த எனக்கு அவர் முகம் நேருக்கு நேர் தெரிந்தது. ஒற்றைக் கையால் பந்தை ஆகாயத்திலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கினார். கூடத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. அப்புறம் ஏதோ ஞாபகம் வந்ததைப் போல, பந்தை இரண்டு கையாலும் கம்போவிடம் நீட்டிக் குனிந்து வணங்கினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“பாத்தியா மொரீன்? அந்த மனுஷனுக்கு எல்லாம் வரும். வேணாம்னு நிக்கிறாரு” என்றாள்.

அன்றைக்கு என் பொட்டலத்தில் வந்ததுதான் ஸ்டோக்ஸ் கார்டு. நான் அதைச் சைக்கிளில் செருகவில்லை.

மொரீன் காட்ஸ்டன்


மன்ஸி
20 மார்ச் 1989

சிஸ்டர் காட்ஸ்டன்,

அந்தப் பந்தை எடுத்ததற்காகக் கம்போ அன்று பஸ்ஸில் என்னைத் திட்டிய திட்டை ஒரு சர்ச் பெண்மணிக்கு எழுத முடியாது. எம்பியது நான்தான். பந்து அவ்வளவு அழகாக வந்தது, கை தானாகப் போய்விட்டது.

உங்கள் கடிதத்தை இடெல்லா படித்துவிட்டாள். என் மனைவி. “இந்தாங்க பெட்டிஃபோர்ட், அந்தப் பொம்பள முப்பத்தேழு வருஷமா உங்க காத ஞாபகம் வெச்சிருக்கா. நாலு வார்த்த எழுதினா கை தேஞ்சா போயிடும்?” என்று இரண்டு வாரமாகப் பிடுங்கி எடுத்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

ஐந்தும் நான்தான். ஒரே அணி தினமும் தோற்றால் சனங்களுக்குச் சந்தேகம் வருமே! அதற்காக முதலாளி பஸ்ஸில் ஐந்து அணிகளின் பனியன்களை மூட்டை கட்டி வைத்திருந்தார். திங்கட்கிழமை டொலிடோ, செவ்வாய் ஒமாஹா. நாங்கள் யாரும் அந்த ஊர்களில் பிறந்தவர்கள் இல்லை. கார்டு போடுவதற்குப் புகைப்படக்காரர் வந்தபோது ஒரே பகலில் ஐந்து பனியனையும் மாற்றி மாற்றி மாட்டி நிறுத்தினார்கள். பெயர்களைத் தொலைபேசி விலாசப் புத்தகத்திலிருந்து ஒருவன் படிக்கப் படிக்க எழுதிக்கொண்டார்கள். என் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை. பிறகு எதில் நான் கையெழுத்துப் போட?

இது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லச் சொல்லி இடெல்லா நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள்.

கால்சட்டை வித்தை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எதிரணிக்காரன் கோட்டில் நின்று தனியாகப் பந்தை எறியப் போவான். கூடம் அமைதியாகும். கம்போ தரையில் ஊர்ந்து வந்து அவன் கால்சட்டையைக் கணுக்கால் வரை உருவிவிடுவார். உள்ளே பெரிய பெரிய புள்ளி போட்ட உள்ளாடை. பார்க்கிறவர்களுக்கு அது கோமாளியின் வித்தை. எங்களுக்குத் தெரியும், அது நிற்கிறவனின் வித்தை. அவன் அசையக் கூடாது. குனிந்து பார்க்கக் கூடாது. ஒன்றுமே நடக்காததைப் போலப் பந்தை எறிய வேண்டும், அது வளையத்துக்குள் விழ வேண்டும். விழுந்தால்தான் கூரை பிய்யும் சிரிப்பு. தவறிவிட்டால் ஒரு மனிதனின் துணியை உருவியது மட்டும்தான் மிச்சம். அதனால் கை நடுங்காதவனுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். சர்ச் பாடகர் குழுவில் தனிப் பாட்டுக் கிடைப்பதைப் போல எங்களுக்கு அது. அதற்காக எங்கள் பஸ்ஸில் சண்டை நடந்திருக்கிறது. பத்து வருடம் நான் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

1960இல் மன்ஸிக்கு ஆட்டம் வந்தது. என் மகன் கார்ல்டனுக்குப் பன்னிரண்டு வயது. என்னிடம் சொல்லாமல் பள்ளிக்கூட நண்பர்களோடு வந்திருந்தான். கம்போ என்னைத் தனியாக இழுத்துப் போய், “உன் ஊருடா இது. உன் பையன் வேற உக்காந்திருக்கான். இன்னிக்கு வேற எவனையாச்சும் வெச்சுக்கிறேன்” என்றார். “இன்னிக்குத்தான்டா நான் நிக்கணும். என் பையன் பாக்கணும்” என்றேன்.

பந்து விழுந்தது. கூடமே எழுந்து நின்றது. நான் அவன் இருந்த பக்கம் திரும்பினேன். இடம் காலி.

அதற்குப் பிறகு அவன் என் ஆட்டம் எதற்கும் வரவில்லை. இப்போது எவன்ஸ்வில்லில் ஒரு பள்ளியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர். அப்பா ஆடினவர் என்று அங்கே யாரிடமும் சொன்னதில்லையாம். தொலைபேசியில் அம்மாவிடம் மணிக்கணக்காகப் பேசுவான். நான் எடுத்தால் “அங்க குளிரா?” என்பான். “குளிர்தான்” என்பேன். அவ்வளவுதான்.

என்னிடம் இருந்ததில் ஆகச் சிறந்ததை அவனுக்குக் காட்டினேன் சிஸ்டர். அதை அவன் என்னவாகப் பார்த்தான் என்று எனக்குத் தெரியும். கேட்கத்தான் தைரியம் இல்லை.

அலோன்ஸோ பெட்டிஃபோர்ட்


லூயிவில்
18 ஏப்ரல் 1989

பிரதர் பெட்டிஃபோர்ட்,

முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். சிஸ்டர் இடெல்லாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் திங்கட்கிழமை கடை விடுமுறை. நேற்று எவன்ஸ்வில் போனேன்.

தெரியும், தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை. அம்மா உயிரோடு இருந்திருந்தால் “உன் மூக்கு நுழையாத வீடு இந்த ஊர்ல உண்டா?” என்றிருப்பாள். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு ஒரு வாரம் வேலையே ஓடவில்லை. எங்கள் சர்ச் டீக்கன் மனைவியின் முடியைக் கருக்கியிருப்பேன், மயிரிழையில் தப்பித்தாள்.

பள்ளி ஆடுகளத்தில் அவரைப் பார்த்தேன். உங்கள் உயரம். உங்கள் காது இல்லை, நல்ல காது. பெஞ்சின் மேல் ஐந்து கார்டையும் பரப்பி வைத்தேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். “இதுல எதுலயும் அவர் பேரு இல்லையே” என்றார். நான் அந்த எம்பலைச் சொன்னேன். நீங்கள் பந்தை எடுத்த இடத்தைப் பெஞ்சில் ஏறி நின்று கையை நீட்டிக் காட்டினேன், என் வயதுக்கு அது தேவையா? அவர் வாயைத் திறந்தபடி நின்றார். “எங்கப்பாவா? அவ்வளவு உயரமா?” என்றார். அப்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பிரதர், சத்தியமாக வந்தது.

ஆனால் முழுவதையும் சொல்லியாக வேண்டும். கிளம்பும்போது அவராகவே சொன்னார். “எங்க ஊருல ஒரு தடவ பாத்தேன் மேடம். என் கிளாஸே சிரிச்சுது. அன்னிக்கு நான் வந்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதுக்கு ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு. அப்படி நெனச்சுத்தான் இத்தன வருஷம் மனசத் தேத்திக்கிட்டேன்.”

உங்களுக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. என் வாய் பூட்டிக் கிடந்தது என்றால் என் கடையில் ஒருத்தியும் நம்ப மாட்டாள். ஆனால் அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. உங்களுக்குத்தான் இருக்கிறது.

மொரீன்


மன்ஸி
24 ஏப்ரல் 1989

திருமதி காட்ஸ்டன்,

யாரைக் கேட்டுப் போனீர்கள்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, உங்களுக்குப் பதில் எழுதினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அவன் என்னை வெறுக்கிறான் என்று நினைத்திருந்தேன். அதோடு வாழப் பழகியிருந்தேன். இப்போது அவன் என்னை மன்னித்திருக்கிறான் என்கிறீர்கள். அதுவும் நடக்காத ஒன்றை நம்பி. உண்மையைச் சொன்னால் அந்த மன்னிப்பும் போகும். சொல்லாவிட்டால் சாகும்வரை பொய்யில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இனி எழுத வேண்டாம்.

அ. பெட்டிஃபோர்ட்


லூயிவில்
19 செப்டம்பர் 1989

பிரதர் பெட்டிஃபோர்ட்,

எழுத வேண்டாம் என்றீர்கள். இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததே எனக்குச் சாதனை. போனதற்கு வருந்துகிறேனா என்றால், கேட்காமல் போனதற்கு வருந்துகிறேன். போனதற்கு இல்லை.

கடைப் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு கிடக்கிறேன். அக்டோபர் 14 சின்சினாட்டிக் கூட்டத்துக்குப் போக முடியாது. என் மேஜை அங்கே காலியாக இருக்கும். என் கார்டுகளை எர்ல் விதர்ஸ்பூனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சிரித்த மனிதர்தான், ஆனால் நாணயமானவர். அந்த மேஜையில் வந்து உட்காருவீர்களா? கம்போ ஹோல்மனும் வருகிறார். வழக்கம்போல அவர் முன்னால் வரிசை வாசல்வரை நிற்கும்.

இன்னொன்று, படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். நீங்கள் மகனுக்குக் கொடுத்தது நல்ல பொருள்தான். என்ன பொருள் என்று சொல்லாமல் கையில் வைத்துவிட்டீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும், சொல்லுங்கள்? எனக்கு என் அம்மா பக்கத்தில் இருந்து சொன்னாள். அவருக்குப் பக்கத்தில் நண்பர்கள்தான் இருந்தார்கள்.

மொரீன்


மன்ஸி
16 அக்டோபர் 1989

அன்புள்ள சிஸ்டர் மொரீன்,

போனேன். இடெல்லா என் நல்ல கோட்டைத் தேய்த்து, “போகலேன்னா ராத்திரி சாப்பாடு இல்ல” என்று வாசலில் நின்றாள்.

கம்போவின் வரிசை நீங்கள் சொன்ன மாதிரியே வாசலைத் தாண்டிப் போனது. என் முன்னால் ஈ கூட இல்லை. ஐந்து கார்டையும் வரிசையாக வைத்துவிட்டு மீன் வாசனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விதர்ஸ்பூன் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் கார்டைப் பார்த்தார், பிறகு என் காதைப் பார்த்தார், மறுபடி கார்டு, மறுபடி காது. “அடக் கடவுளே, மொரீன் சொன்னது நெசம்! அஞ்சும் ஒரே ஆளு!” என்று போட்ட கூச்சலில் கூடமே திரும்பியது. உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறாராம். சும்மா விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தங்கள் பெட்டியைத் துழாவி டல்லியையும் க்ரீவியையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அச்சடித்த பெயரின் மேலேயே என் பெயரை எழுதினேன். யாருக்கு என்று பெயர் கேட்டு எழுத வேண்டும் என்று விதர்ஸ்பூன் சொல்லிக் கொடுத்ததால், தலையைத் தூக்காமல் ஒவ்வொருவரிடமும் “யாருக்குன்னு எழுதட்டும்?” என்று கேட்டேன். ஒருவன் மனைவிக்கு என்றான். ஒருவன் தன் நாய்க்கு என்றான், எழுதிக் கொடுத்தேன். அடுத்த கார்டு வந்தது. “யாருக்குன்னு எழுதட்டும்?” என்றேன்.

“கார்ல்டனுக்கு” என்றது குரல்.

நீங்கள்தான் தேதியைச் சொல்லியிருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், நம்ப மாட்டேன்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவனும் சந்தோஷமாகப் போயிருப்பான். ஆனால் உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

“கார்ல்டன், அன்னிக்கு நீ வந்திருந்தது எனக்குத் தெரியும்” என்றேன். அவன் முகம் அப்படியே இறுகிப்போனது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இன்னொரு முறை வாய் வராது. “கம்போ வேணாம்னுதான் சொன்னான். நான்தான் அடம் புடிச்சுக் கேட்டு வாங்கினேன். எங்க வேலையில அதவிடப் பெருசா எதுவும் கெடையாதுடா. அசையாம நின்னு பந்தப் போடணும். எல்லாராலயும் முடியாது. என்னால முடியும். அத நீ பாக்கணும்னு எனக்கு ஆச.”

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான்.

“நான் அதுக்குள்ள வெளிய ஓடிட்டேம்ப்பா. அப்புறம் யாரையும் கேக்கவும் இல்ல.” கார்டை என் பக்கம் தள்ளினான். “பந்து விழுந்துச்சா?”

சிஸ்டர், இத்தனை வருடமும் என் மகனுக்கு அது தெரியாது. துணி உருவப்பட்டதோடு அவனுக்கு அந்த ஆட்டம் நின்றுபோயிருக்கிறது.

“விழுந்துச்சு. வளையத்துல கூடப் படல” என்றேன்.

பக்கத்து மேஜையிலிருந்து கம்போ கத்தினார். எழுபது வயதில் காது மட்டும் பாம்புக் காது. “விழாம? நான் தரையில மல்லாந்து கெடந்து பாத்தேன்டா தம்பி! உங்கப்பன் கண்ண கூட இமைக்கல. என் வாழ்க்கையில அப்படி ஒருத்தன நான் பாத்ததில்ல!” சொல்லிவிட்டு வரிசையை அப்படியே விட்டுவிட்டுக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? எனக்குப் பின்னால் போய்க் கால்சட்டையைப் பிடித்து இழுக்கிறார்! பெல்ட்டும் போட்டிருந்தேன், தோள்பட்டி வாரும் மாட்டியிருந்தேன், அதனால் மானம் பிழைத்தது. ஆனால் உடம்புக்குப் பழக்கம் போகவில்லையே. நான் எழுந்து, நேராகப் பார்த்தபடி, ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டேன். இல்லாத பந்தை இல்லாத வளையத்துக்குள் எறிந்தேன்.

கார்ல்டன் சிரித்தான். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஊர் ஊராக எத்தனையோ கூடங்களில் அந்த வித்தைக்குச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். என் பையனிடம் வாங்கியது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து இடெல்லாவிடம் சொன்னேன். “சும்மா கத விடாதீங்க” என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வருகிறான். அவனே சொல்லட்டும்.

உங்கள்
அலோன்ஸோ பெட்டிஃபோர்ட்